ஊசியா, ஒப்பரேஷனா? பரவிய புரொஸ்டேட் புற்றுநோய்க்கு வைத்தியம் தெரிவு செய்யும் முன்

"ஊசி போடலாம், இல்லாட்டி சின்ன ஒப்பரேஷன் ஒன்று செய்யலாம். வீட்டில கதைச்சிட்டு அடுத்த கிளினிக்குக்கு வந்து சொல்லுங்கோ."

டொக்டர் இதைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வாங்கில் இன்னும் எத்தனையோ பேர் காத்திருந்தார்கள். அப்பா டொக்டர் எழுதித் தந்த துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு என் பின்னால் நடந்து வந்தார். ஓட்டோ உப்புவெளி வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த இரண்டு வாரமும் நாங்கள் கேட்காத ஆள் இல்லை. "ஒப்பரேஷன் என்றால் புற்றையே வெட்டி எடுத்துப் போடுவாங்கள், அதைச் செய்யுங்கோ" என்றார் ஒருவர். "கத்தி பட்டால் பரவும்" என்றார் இன்னொருவர். இரண்டும் பிழை என்று பிறகுதான் தெரிந்தது. அதன்பிறகு அப்பாவோடு கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்கிப் படித்ததைத்தான், இப்போது அதே துண்டோடு வீட்டுக்கு வந்திருக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். நான் வைத்தியர் இல்லை. முடிவை உங்கள் டொக்டரோடு சேர்ந்துதான் எடுக்க வேண்டும். அவர் முன்னால் இருக்கக் கிடைக்கும் அந்தச் சில நிமிடத்தில் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

முதலில் கடதாசிகளை ஒன்று சேருங்கள்

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்குங்கள். அதற்குள் நாலு விஷயம் இருக்க வேண்டும். சதைத் துண்டு எடுத்துப் பார்த்த பயொப்சி ரிப்போட், அதில் உள்ள கிளீசன் எண் (புற்று எவ்வளவு மூர்க்கமானது என்று காட்டும் எண்). இதுவரை எடுத்த பி.எஸ்.ஏ (புரொஸ்டேட்டில் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவு) இரத்தப் பரிசோதனைகள் எல்லாம், திகதி வாரியாக. எலும்பு ஸ்கான், சி.டி. ரிப்போட்டுகள், வாட்டில் இருந்து துண்டு வெட்டும்போது தந்த அட்டை. அசலைக் கையில் வைத்துக்கொண்டு போட்டோகொப்பியைக் கொடுத்துப் பழகுங்கள். மஹரகமவுக்கோ கண்டிக்கோ மட்டக்களப்புக்கோ அனுப்பும்போது இந்த ஃபைல் இல்லாவிட்டால் பாதி நாள் வீண்.

சலம் போகக் கஷ்டம் என்று முன்பு ஃபினாஸ்டரைட் குளிசை எடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்தக் குளிசை பி.எஸ்.ஏ எண்ணை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டும்.

பிறகு டொக்டரிடம் ஒரே ஒரு கேள்வி: "நோய் எங்கே எங்கே இருக்கு?" புரொஸ்டேட் என்பது சலப்பைக்குக் கீழே கொட்டைப்பாக்கை விடச் சற்றுப் பெரிதாக இருக்கும் சுரப்பி. நோய் அதன் உறையைத் தாண்டி அக்கம்பக்கத்தில் மட்டும் நிற்கிறதா, அல்லது இடுப்பெலும்பு, முதுகெலும்பு என்று தூரமாய்ப் போய்விட்டதா என்பதைப் பொறுத்து வழி மாறும். அக்கம்பக்கத்தில் மட்டும் என்றால் கதிர் வைத்தியமும், அதோடு இரண்டு மூன்று வருடம் ஹோர்மோன் வைத்தியமும் சேர்த்துக் கொடுத்துக் குணப்படுத்தவே பார்ப்பார்கள். எலும்புக்குப் போயிருந்தால் குணம் என்ற சொல்லை டொக்டர்மார் சொல்ல மாட்டார்கள். ஆனால் பல வருடம் அடக்கி வைக்கலாம். எலும்பில் போய்விட்டது என்று கேட்ட அன்றே எங்கள் அம்மா அழுது முடித்துவிட்டார். அதற்குப் பிறகு நாலு தைப்பொங்கலுக்கு முற்றத்தில் அடுப்பு மூட்டியவர் அப்பாதான்.

இரண்டு வழியும் போய்ச் சேர்வது ஒரே இடத்துக்கு

இதை விளங்கிக்கொண்டால் மிச்சமெல்லாம் இலேசு. இந்தப் புற்றுநோய்க்குத் தீனி ஆண் ஹோர்மோன், அதாவது டெஸ்டோஸ்டெரோன். அதில் பத்துக்கு ஒன்பது பங்கு விதைகளில்தான் சுரக்கிறது. தீனியை நிறுத்தினால் நோய் சுருங்கும். சார்ள்ஸ் ஹக்கின்ஸ் என்ற வைத்தியர் 1941இல் இதைக் காட்டினார். 1966இல் அதற்காக நோபல் பரிசும் கிடைத்தது. இன்றைக்கும் வைத்தியத்தின் அத்திவாரம் இதுதான்.

டொக்டர் "சின்ன ஒப்பரேஷன்" என்று சொன்னது விதைகளை எடுப்பதை. புரொஸ்டேட்டை எடுப்பது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். நோய் எலும்புக்குப் போனபின் புரொஸ்டேட்டை மட்டும் வெட்டி எடுப்பதால் பொதுவாகப் பயன் இல்லை. அதனால் அதை யாரும் முன்வைக்க மாட்டார்கள். ஊசியும் அதே ஹோர்மோனைத்தான் நிறுத்துகிறது. நோயை அடக்கும் பலத்தில் இரண்டும் சமம்.

அப்படியானால் எதை வைத்துத் தெரிவு செய்வது? சொல்கிறேன்.

ஒப்பரேஷன் பக்கம்

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்க வைத்தோ, அந்த இடத்தை மட்டும் விறைக்க வைத்தோ செய்வார்கள். பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். சில மணி நேரத்துக்குள் ஹோர்மோன் விழுந்துவிடும். இந்த வேகம் எல்லா ஊசிக்கும் வராது. முதுகெலும்பில் நோய் நரம்பை நெரிக்கும் நிலையில் இருப்பவருக்கு இந்த வேகம் காலைக் காப்பாற்றும்.

அதற்குப் பிறகு ஊசித் திகதி பார்க்கத் தேவையில்லை, ஆஸ்பத்திரியில் மருந்து வந்ததா என்று விசாரிக்கத் தேவையில்லை. வீக்கம், இரத்தம் கட்டுதல், காயத்தில் கிருமி பிடித்தல் என்ற சில்லறைத் தொல்லைகள் வரலாம். ஒரு வாரம் இறுக்கமான உள்ளாடை, பாரம் தூக்காமை, அவ்வளவுதான். அஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின் போன்ற இரத்தம் கட்டாமல் தடுக்கும் மருந்துகள் எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது.

குறை என்று பார்த்தால், திரும்பி வர முடியாது. மனசுக்கும் பாரம். வெளித்தோலும் உறையும் அப்படியே இருக்க உள்ளே உள்ள திசுவை மட்டும் எடுக்கும் முறையும் உண்டு. வெறுமையாகத் தெரியாது. அப்படிச் செய்யலாமா என்று கேளுங்கள், கேட்டால்தான் சொல்வார்கள்.

ஊசிப் பக்கம்

கோசரலின், லியூப்ரோலைட், டிரிப்டோரலின் என்று பெயர்கள் இருக்கும். மாதத்துக்கு ஒன்று அல்லது மூன்று மாதத்துக்கு ஒன்று. கோசரலின் என்றால் 3.6 மில்லிகிராம் மாதத்துக்கு, 10.8 மில்லிகிராம் பன்னிரண்டு கிழமைக்கு. வயிற்றுத் தோலுக்குக் கீழே ஒரு அரிசி அளவு மருந்தை வைத்துவிடுவார்கள். ஊசி சற்று மொத்தம், அதனால் பார்க்காமல் திரும்பிக்கொள்வது நல்லது.

இந்த ஊசிகளுக்கு ஒரு குணம் உண்டு. முதல் ஓரிரு கிழமை ஹோர்மோனை ஏற்றிவிட்டுத்தான் பிறகு இறக்கும். இரண்டு முதல் நாலு கிழமை செல்லும். அந்த ஏற்றத்தில் எலும்பு நோவு கூடலாம், சலம் அடைபடலாம். அதைத் தடுக்க பிகலுடமைட் குளிசையை முன்கூட்டியோ கூடவோ தொடங்கிச் சில கிழமை கொடுப்பார்கள். "முதல் ஊசிக்கு முன்னால் குளிசை ஏதும் இருக்கா?" என்று மறக்காமல் கேளுங்கள். டெகரலிக்ஸ் என்ற ஊசியில் இந்த ஏற்றம் இல்லை, மூன்று நாளில் வேலை செய்யும்; ஆனால் மாதா மாதம் போட வேண்டும், விலையும் கூட.

நல்ல பக்கம், நிறுத்தலாம். உடம்பு தாங்காவிட்டால் இடைவெளி விட்டுப் பார்க்கலாம். டொக்டர் சம்மதித்தால் மட்டும். சத்திரசிகிச்சைக்கு இதயம் இடம் கொடுக்காதவர்களுக்கும் இது வழி.

கெட்ட பக்கம், திகதி தவறக் கூடாது. எங்கள் வீட்டில் தவறியது. அப்பா முதலில் தெரிவு செய்தது ஊசியைத்தான். 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது "இப்ப இல்லை, வெளியில வாங்கப் பாருங்கோ" என்று துண்டு எழுதித் தந்தார்கள். பாமசி பாமசியாக அலைந்தேன். பெற்றோல் வரிசை ஒரு பக்கம். ஒரு கடையில் முற்பணம் வாங்கிவிட்டு, கிழமைக்குக் கிழமை "நாளைக்கு வரும்" என்றார்கள். ஊசி கைக்கு வரும்போது ஐந்து கிழமை பிந்திவிட்டது. அதற்குள் அடங்கிக் கிடந்த பி.எஸ்.ஏ ஏறத் தொடங்கிவிட்டது, அப்பாவுக்கு இடுப்பு நோவும் திரும்பிவிட்டது.

ஊசி வழியில் போகிறவர்கள் இதைச் செய்யுங்கள். அடுத்த ஊசிக்கு மூன்று கிழமை முன்பே ஆஸ்பத்திரியில் இருப்பு உண்டா என்று விசாரியுங்கள். வெளியில் வாங்கினால் பெட்டியில் எழுதியிருக்கும் வெப்பநிலையைப் பாருங்கள். சிலதுக்கு ஃபிரிட்ஜ் வேண்டும், சிலது 25 பாகைக்கு மேல் போகக் கூடாது. எங்கள் ஊர் வெயிலில் நிறுத்தி வைத்த வாகனத்துக்குள் அரை மணி நேரம் கிடந்தாலே அது தாண்டிவிடும். வாங்கின கையோடு ஐஸ் வைத்த பெட்டியில், ஐஸ் நேரே படாமல் துணி சுற்றிக் கொண்டு போங்கள்.

உடம்பில் வரும் மாற்றம்

ஊசி என்றாலும் ஒப்பரேஷன் என்றாலும் இவை வரும்: திடீரென்று முகமும் நெஞ்சும் கொதித்து வியர்ப்பது, ஆசை குறைவது, களைப்பு, தசை கரைந்து வயிறு போடுவது, எலும்பு மெலிவது, சீனி ஏறுவது, காரணமில்லாமல் மனம் சோர்வது. அப்பா இரவில் மூன்று முறை எழும்பிப் பெனியனை மாற்றுவார். அம்மா கட்டில் தலைமாட்டில் நாலு பெனியனை மடித்து வைத்துவிட்டுத்தான் படுப்பார்.

நடை வேண்டும், கைகாலுக்கு வேலையும் வேண்டும். விடியற்காலை கடற்கரை மணலில் நடப்பது தசைக்கும் எலும்புக்கும் நல்லது; விழுந்துவிடாமல் யாராவது கூடப் போங்கள்.

யார் முடிவெடுப்பது

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று எழுத வேண்டும். ஊசி பிந்தியபின் டொக்டர் மறுபடி ஒப்பரேஷன் பேச்சை எடுத்தார். நான் காசையும் அலைச்சலையும் கணக்குப் போட்டுக்கொண்டு "செய்வம் டொக்டர்" என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் பக்கம் திரும்பி, "நீ போய் ஒரு சோடா வாங்கிக்கொண்டு வா" என்றார். காலை எட்டு மணி. அப்பா சோடா குடிக்கிற ஆளும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தபின்தான் விளங்கியது, மகன் முன்னால் கேட்க முடியாத ஒன்றை அவர் கேட்கப் போகிறார் என்று.

அன்றிரவு அவரே சொன்னார். டொக்டர் சொன்ன பதில் இது: "ஐயா, நீங்க இப்ப ஊசியில இருக்கிற மாதிரித்தான் அதுக்குப் பிறகும் இருப்பீங்க. ஊசிய நிறுத்தினா கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பி வரலாம், இதில வராது. அது ஒன்றுதான் வித்தியாசம்." அப்பா இரண்டு நாள் யோசித்தார். அம்மாவோடு கதைத்தார். பிறகு தானே போய் ஒப்பமிட்டார்.

பிள்ளைகளே, தயவுசெய்து அந்த அறையில் இருந்து சில நிமிடம் வெளியே நில்லுங்கள். மனைவி கூட இருக்க விரும்பினால் அவரை உள்ளே விடுங்கள். ஒப்பம் அவருடையது, உடம்பும் அவருடையது. பிள்ளைகள் சொன்னார்கள் என்பதற்காக வெட்டிக்கொண்டு பிறகு மாதக்கணக்கில் வெளியே வராமல் அறைக்குள் கிடந்தவரையும் எனக்குத் தெரியும்.

எல்லோருக்கும் ஒப்பரேஷன்தான் சரி என்று சொல்ல வரவில்லை. எங்களோடு கிளினிக்குக்குக் கிண்ணியாவில் இருந்து ஒருவர் வருவார். அப்பா அவரைக் காக்கா என்று கூப்பிடுவார். இதயத்துக்கு வால்வ் மாற்றியவர், வார்ஃபரின் எடுப்பவர், மகன் வெளிநாட்டில் இருந்து தவறாமல் காசு அனுப்புபவர். அவருக்கு ஊசி. மூன்று மாதத்துக்கு ஒன்று, இன்றுவரை ஒன்றும் தவறவில்லை. அவர் வீட்டுச் சுவரில் தொங்கும் கலண்டரில் ஊசி நாளைச் சிவப்பில் வட்டம் போட்டு வைத்திருப்பார்.

என் கணிப்பு இதுதான். நேரத்துக்கு ஊசி கிடைக்கும், போய்வர ஆள் உண்டு என்று உறுதியாக இருந்தால் ஊசி நல்ல வழி. மூதூருக்கு அப்பால் இருந்து பஸ் மாறி மாறி வருபவர், கூட வர ஆளில்லாதவர், வெளியில் வாங்கக் காசில்லாதவர் என்றால் ஒப்பரேஷனைப் பயமில்லாமல் யோசியுங்கள். விட்டு விட்டுப் போடும் ஊசியை விட ஒருமுறை செய்யும் ஒப்பரேஷன் மேல்.

இரண்டாவது மருந்தைப் பற்றிக் கேட்டீர்களா?

ஊசியா ஒப்பரேஷனா என்ற யோசனையில் பெரும்பாலானவர்கள் கேட்க மறப்பது இது. ஹோர்மோனை நிறுத்துவதோடு, தொடக்கத்திலேயே இன்னொரு மருந்தும் சேர்த்தால் எலும்புக்குப் பரவியவர்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2015இல் வந்த ஒன்றில் டோசிடாக்செல் என்ற கீமோ மருந்தைச் சேர்த்தவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், 57.6 மாதம், சேர்க்காதவர்களுக்கு 44 மாதம். 2017இல் அபிராடெரோன் குளிசையிலும் நல்ல பலன் தெரிந்தது. ஆகவே கேளுங்கள்: "இதோட சேர்த்து வேற மருந்து எங்களுக்குப் பொருந்துமா? ஆஸ்பத்திரியில கிடைக்குமா?"

டோசிடாக்செல் மூன்று கிழமைக்கு ஒன்று, வழக்கமாக ஆறு முறை. காலம் குறைவு, ஆனால் உடம்பில் தெம்பு வேண்டும். முடி கொட்டும், விரல் நுனி விறைக்கும். காய்ச்சல் 38 பாகை வந்தால் பனடோல் போட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருக்க வேண்டாம். வெள்ளை அணு குறைந்திருக்கும், அந்த இரவே ஆஸ்பத்திரி.

அபிராடெரோன் தினமும், வழக்கமான அளவு 250 மில்லிகிராம் குளிசை நாலு, வெறும் வயிற்றில். கூடவே பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசை. சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு முன். சாப்பாட்டோடு எடுத்தால் இரத்தத்தில் மருந்து பல மடங்கு ஏறிவிடும். பிரஷர், பொட்டாசியம், ஈரல் மூன்றையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நோன்பு பிடிப்பவர்கள் ரமழானுக்கு முன்பே டொக்டரிடம் நேரத்தைக் கேட்டு ஒழுங்கு செய்யுங்கள். என்சலுடமைட் என்பதும் உண்டு. வலிப்பு வந்த வரலாறு இருந்தால் சொல்ல வேண்டும்.

எலும்பில் இரண்டு மூன்று இடத்தில் மட்டும் நோய் என்றால் புரொஸ்டேட்டுக்கே கதிர் கொடுப்பதும் ஆயுளைக் கூட்டலாம். அதையும் கேளுங்கள்.

எலும்பு, பல், சலம்

எலும்பு நோவுக்குப் பல சமயம் ஒரே நாளில், ஒரே முறை கொடுக்கும் கதிர் போதும். எலும்பைப் பலப்படுத்த சொலெட்ரொனிக் அமிலம், டெனோசுமாப் என்ற ஊசிகள் தரலாம். அவற்றைத் தொடங்கும் முன் பல் வைத்தியரிடம் போங்கள். எங்கள் பெரியவர்களில் பலர் வெற்றிலை போடுபவர்கள், ஆடும் பல்லும் சொத்தைப் பல்லும் இருக்கும். இந்த ஊசி தொடங்கியபின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு.

சலம் அடைத்தால் குழாய் போடுவார்கள். புரொஸ்டேட்டின் உள்பக்கத்தைச் சுரண்டி வழிவிடும் ஒப்பரேஷனும் உண்டு. அது சலம் போக வழி செய்வதற்கு மட்டும். புற்றுநோய்க்கான வைத்தியம் அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்துக் கிளினிக்கை விட்டுவிடாதீர்கள்.

சித்த மருந்தோ நாட்டு மருந்தோ கூடவே எடுத்தால் மறைக்காதீர்கள். ஈரலையும் சிறுநீரகத்தையும் பாதிப்பவை அவற்றிலும் உண்டு.

வெளியூர் போகும்போது

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் தொடங்கினாலும், கதிர் வைத்தியத்துக்கும் சில ஸ்கான்களுக்கும் வெளியே அனுப்புவார்கள். மஹரகம அபேக்ஷா வைத்தியசாலை என்றால் கொழும்புப் பக்கம் சுமார் 260 கிலோமீட்டர். முதுகெலும்பில் நோய் உள்ளவருக்குப் பஸ்ஸின் பின் ஆசனம் வேண்டவே வேண்டாம்; இரவு ரயில் எவ்வளவோ மேல். சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். ஆளில்லாவிட்டால் கேள்விகளை முன்பே யாரிடமாவது சிங்களத்தில் எழுதி வாங்குங்கள். "நோவு எங்கே" என்பதைக் கையால் காட்டலாம், "காலில் உணர்வு குறைகிறது" என்பதைக் காட்ட முடியாது.

காத்திருக்க முடியாத அறிகுறிகள்

புதிதாக வந்த கடும் முதுகு நோவு, அதோடு கால் பலமில்லாமல் போவது, இடுப்புக்குக் கீழே விறைப்பது, சலமோ மலமோ கட்டுப்பாடு இல்லாமல் போவது. இவை முள்ளந்தண்டு நரம்பு நெரிபடுவதன் அடையாளம். கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்கக் கூடாது, மணித்தியாலக் கணக்கு இது. 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வந்தவர்களிடம் "எலும்பில் புரொஸ்டேட் கேன்சர் இருக்கு, கால் விறைக்குது" என்ற இரண்டையும் முதல் வசனத்திலேயே சொல்லுங்கள்.

பி.எஸ்.ஏ திரும்ப ஏறினால்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முடிந்தவரை ஒரே ஆய்வுகூடத்தில் எடுங்கள். ஒரு நாள் ஏறும். பலருக்கு அது நடக்கும். அப்போது டெஸ்டோஸ்டெரோன் அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அது ஒரு டெசிலீட்டர் இரத்தத்தில் 50 நானோகிராமுக்குக் கீழே இருந்தும் பி.எஸ்.ஏ ஏறினால் நோய் வேறு வழி கண்டுபிடித்துவிட்டது என்று பொருள். அடுத்த மருந்துக்கு மாறுவார்கள். ஊசியில் இருப்பவர்கள் "இனிப் பிரயோசனம் இல்லை" என்று ஊசியை நிறுத்த வேண்டாம். அத்திவாரம் அப்படியே இருக்க, மேலேதான் மாற்றுவார்கள். அந்த அளவு 50க்கு மேல் இருந்தால் ஊசி சரியாக ஏறவில்லை அல்லது பிந்திவிட்டது. அதை முதலில் திருத்த வேண்டும்.

வீட்டில் உள்ள ஆண்களுக்கு

அப்பாவுக்கோ சகோதரனுக்கோ இந்த நோய் இருந்தால் மற்ற ஆண்களுக்கு வரும் சாத்தியம் கூட. நாற்பத்தைந்து வயதளவில் டொக்டரிடம் பேசி, பி.எஸ்.ஏ எடுப்பதா என்று முடிவு செய்யுங்கள். குடும்பத்தில் மார்பு, சூலகப் புற்றுநோய் வந்த பெண்கள் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரே பரம்பரைக் குறை இரண்டுக்கும் காரணமாக இருக்கலாம்.

எனக்கு நாற்பத்தாறு. இரத்தம் கொடுக்கப் போன அன்று அப்பாவும் கூட வந்தார். ஊசி ஏறும்போது "அங்கால பார்" என்று என் தலையைப் பிடித்துத் திருப்பிவிட்டார்.